அவர் சொல்வதைச் சொல்ல ஒருவர்

பெரியோர்களே, தாய்மார்களே, நண்பர்களே,

இந்த இங்கிலாந்தில் நம் குடும்பத்தில் ஒருவரை மனநலச் சட்டத்தின்கீழ் வார்டில் தடுத்து வைத்துவிட்டால், நாலு பேருக்குத் தெரியக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். அதற்காக யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. அந்த நாட்களில் கைநழுவிப்போகும் ஓர் உரிமையை, நோயாளி விரும்புவதை எடுத்துச்சொல்ல ஓர் ஆதரவாளரைப் பெறும் உரிமையைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன்.

1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவில் ஒருவரை 28 நாட்கள் வரை வைத்திருக்கலாம். 3ஆம் பிரிவு என்றால் ஆறு மாதம். அதன் பிறகும் நீட்டிக்கலாம். 2ஆம் பிரிவை எதிர்த்து, விடுவிக்க அதிகாரமுள்ள தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்க முதல் 14 நாட்கள்தான் அவகாசம். மருந்து மயக்கத்தில் கிடப்பவருக்கு அந்த 14 நாட்கள் எப்படிக் கழியும் என்று எண்ணிப் பாருங்கள். உரிமைகளை அச்சிட்ட தாள் கையில் கொடுக்கப்படும், வாய்மொழியாகவும் விளக்கப்படும். ஆனால் பயந்துபோன மனதில் அதில் எவ்வளவு தங்கும்?

இதற்காகத்தான் 2007இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2009 ஏப்ரல் முதல் சுயாதீன மனநல ஆதரவாளர் என்பவர் இருக்கிறார். சிகிச்சை தருபவர்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். கட்டணம் கிடையாது. நோயாளியைத் தனியாகச் சந்திக்கலாம். அவர் சம்மதித்தால் மருத்துவக் குறிப்புகளையும் பார்க்கலாம். இவர் வழக்கறிஞர் அல்லர், ஆனால் வழக்கறிஞரைத் தேடித்தர உதவுவார். தீர்ப்பாயத்தில் வாதாட நோயாளிக்குக் கிடைக்கும் சட்ட உதவிக்கு வருமானம் பார்ப்பதில்லை.

நோயாளியின் சிகிச்சையைப் பற்றிப் பேசும் வார்டு ரவுண்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மருத்துவர், தாதி, சமூகப் பணியாளர் என்று ஐந்தாறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். மாத்திரையால் கை நடுங்குகிறது, கரண்டி பிடிக்க முடியவில்லை என்று சொல்லத்தான் நோயாளியான ஒரு பெண் வந்திருப்பார். அத்தனை முகங்களையும் கண்டதும் "சரி டாக்டர்" என்று எழுந்துவிடுவார். ஆதரவாளர் முதல் நாளே அவரோடு உட்கார்ந்து, அவர் வாயால் வந்தபடியே எழுதிவைக்கிறார்: இந்த மாத்திரை எதற்கு? அளவைக் குறைக்க முடியுமா? வீட்டுக்குப் போய்வர எப்போது அனுமதிப்பீர்கள்? மறுநாள் அவர் திணறினால் தாளைப் பார்த்துக் கேட்கிறார், பதிலையும் குறித்துக்கொள்கிறார். இவ்வளவுதான் வேலை. ஆனால் மருத்துவர் பதில் சொல்லியாக வேண்டும்.

இங்கே நம் வீட்டாருக்கு ஒரு மனத்தாங்கல் வருவதுண்டு. "நாங்கள் இருக்கும்போது வெளியாள் எதற்கு? அவளுக்கு எது நல்லது என்று எங்களுக்குத் தெரியாதா?" தெரியும். ஆனால் ஆதரவாளர் நல்லது கெட்டது சொல்ல வருபவர் அல்லர். அவள் விரும்புவதைச் சொல்ல வருபவர். உங்கள் கவலையைச் சொல்ல நெருங்கிய உறவினர் என்ற முறையில் சட்டமே உங்களுக்குத் தனி இடம் தந்திருக்கிறது. அதை அவளுடைய இடத்தோடு சேர்த்துக் குழப்பாதீர்கள்.

மொழி விஷயத்தில் இது இன்னும் கூர்மையானது. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, மகன் மொழிபெயர்க்கிறான். மகனைக் கண்டாலே பயமாக இருக்கிறது என்று அம்மா சொல்ல நினைத்தால் யார் வழியாகச் சொல்வார்? தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளைகளை அந்த நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள்.

இந்தச் சட்டத்தில் ஓட்டைகள் இருந்திருக்கின்றன. மனநிலை சரியில்லை என்று 136ஆம் பிரிவில் போலீசார் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோனவரை 1983ஆம் ஆண்டுச் சட்டம் இந்த உதவிக்குள் சேர்க்கவில்லை. கேட்டவருக்கே ஆதரவாளர் என்பதும் சரியல்ல. கேட்கத் தெம்பில்லாதவருக்குத்தானே அவர் முதலில் தேவை? வேண்டாம் என்று சொல்லாத எல்லோருக்கும் ஆதரவாளர் வரவேண்டும் என்று 2018இல் இந்தச் சட்டத்தைப் பற்றி மனநல மருத்துவர் சைமன் வெஸ்லி தலைமையில் நடந்த ஆய்வு பரிந்துரைத்தது. என் கருத்தும் அதுவே.

உங்கள் வீட்டில் ஒருவர் இன்று வார்டில் இருந்தால், அவரைப் போய்ப் பார்க்கும்படி ஆதரவாளரிடம் நெருங்கிய உறவினரே கோரலாம். விருப்பமில்லாவிட்டால் நோயாளி அவரைச் சந்திக்க மறுக்கலாம். ஆதரவாளரின் தொலைபேசி எண்ணை வார்டுத் தாதியிடம் கேளுங்கள். 14 நாட்களில் எத்தனை மீதி இருக்கின்றன என்பதையும் அதே மூச்சில் கேளுங்கள்.