வைஃபை இருக்கும்போதே போன் டேட்டாவைக் குடிக்கும் லேப்டாப்! திருடன் யார்?

[திரையில்: "இன்றைய டேட்டா 100% தீர்ந்தது" என்ற மெசேஜ்]

வணக்கம் மக்களே! வீட்டில் ஃபைபர் இன்டர்நெட் இருக்கு. வைஃபை முழுக்கோடு காட்டுது. ஆனாலும் போனில் இருந்த 2 ஜிபி மதியத்துக்குள் காலி. தின்றது யார்? என் லேப்டாப்தான். தப்பு என் மேல், அதையும் சொல்லிவிடுகிறேன்.

காலையில் கரண்ட் போனது. ரௌட்டர் செத்துவிட்டது. போனை கேபிளில் சொருகி யுஎஸ்பி டெதரிங் போட்டேன், அதாவது போன் டேட்டாவை கேபிள் வழியாக லேப்டாப்புக்குக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் கரண்ட் வந்தது, ரௌட்டர் கண் விழித்தது, வைஃபையை நானே மறுபடி இணைத்தேன். சார்ஜ் ஏறட்டும் என்று கேபிளை மட்டும் பிடுங்கவில்லை. அங்கேதான் வினை.

[திரையில்: கருப்பு ஜன்னலில் "ரூட் பிரிண்ட்" கட்டளை]

வீடியோவை ஒரு நொடி நிறுத்தி இதைப் பாருங்கள். லேப்டாப் எந்தெந்த வழியில் நெட்டுக்குப் போகலாம் என்ற பட்டியல் இது. 0.0.0.0 என்று நாலு பூஜ்ஜியம் உள்ள வரி இரண்டு இருக்கிறது. இரண்டுமே வெளி உலகத்துக்குப் போகும் வழிகள். கடைசி கட்டத்தில் உள்ள எண்ணுக்கு மெட்ரிக் என்று பெயர். ஸ்கூல் ரேங்க் மாதிரி, சின்ன எண்தான் ஜெயிக்கும். என் வைஃபைக்கு 35. போனுக்கு 25!

ஏன்? போனை கேபிளில் சொருகினால் விண்டோஸ் அதைப் போன் என்றே நினைப்பதில்லை, ஈதர்நெட், அதாவது கம்பி வழி நெட், என்று நினைக்கிறது. போனும் கூசாமல் "என் வேகம் 426 எம்பிபிஎஸ்" என்கிறது. அது கேபிளின் கணக்கு. டவரிலிருந்து வருவது 8 எம்பிபிஎஸ்ஸாகக் கூட இருக்கலாம், லேப்டாப்புக்கு அந்தக் கவலையே இல்லை. பக்கத்து இணைப்பு எவ்வளவு அகலம் என்று மட்டும்தான் பார்க்கும், அதற்கு அப்பால் எட்டிப் பார்க்காது. வைஃபை 866 எம்பிபிஎஸ் வேகத்தில் இணைந்தாலும் விண்டோஸ் கொடுக்கிற மெட்ரிக் 30தான். 25-ஐ ஜெயிக்க முடியாது. அநியாயம்தானே?

இன்னொரு கொடுமை. ஈதர்நெட் என்றால் அன்லிமிடெட் என்று அதுவாகவே முடிவு கட்டிக்கொண்டு, விண்டோஸ் அப்டேட்டையும் அதே வழியில் இழுக்கும்.

சரி, கேபிளைப் பிடுங்கினேன். நெட் வைஃபைக்கு மாறியது. யூடியூப் ஓடிக்கொண்டே இருந்தது, ஆபீஸ் சர்வரில் திறந்திருந்த ஜன்னல் மட்டும் அப்படியே உறைந்து நின்றது. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

[திரையில்: கோயில் வாசல், செருப்பு ஸ்டாண்ட்]

செருப்பு விடும் இடத்தில் ஒரு தாத்தா. டோக்கன் கிடையாது. "நீலச் சட்டை, இந்தச் செருப்பு" என்று மனதில் வைத்துக்கொள்கிறார். நீங்கள் உள்ளே போய் அபிஷேகத்தில் நனைந்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வருகிறீர்கள். "தாத்தா, என் செருப்பு?" "நீ யாருப்பா?" அவ்வளவுதான். கெஞ்சினாலும் கிடைக்காது. ஆபீஸ் ஜன்னல் பேசிக்கொண்டிருந்த டிசிபி என்ற இணைய விதிமுறைதான் அந்தத் தாத்தா. சட்டைதான் உங்கள் ஐபி முகவரி, அதாவது நெட்டில் உங்கள் விலாச எண். இரண்டு பக்கத்து ஐபி, இரண்டு பக்கத்து போர்ட் (அந்த விலாசத்தில் கதவு எண் மாதிரி), இந்த நாலையும் வைத்துத்தான் உங்களை அடையாளம் காணும். நெட்வொர்க் மாறினால் ஐபி மாறும், ஐபி மாறினால் நீங்கள் அந்நியர்.

2021-ல் ஆர்எஃப்சி 9000 என்ற இணையத் தரநிலையாக வந்த க்விக், யூடியூப் போன்றவை பயன்படுத்தும் இன்னொரு விதிமுறை. அது பித்தளை டோக்கன் கொடுக்கிற ஸ்டாண்ட். சட்டை மாறட்டும், தெற்கு வாசல் வழியாக வாருங்கள், டோக்கனை நீட்டினால் செருப்பு கைக்கு வரும். அந்த டோக்கனுக்கு கனெக்ஷன் ஐடி என்று பெயர். கூடுதல் அழகு, வாசல் மாறும்போது டோக்கன் எண்ணையும் மாற்றிக்கொள்ளும். வழியில் நின்று பார்ப்பவன் "இவர்தானே அவர்" என்று பின்தொடரக் கூடாதாம்! செருப்புக்கு இவ்வளவு பாதுகாப்பு.

ஆனால் யூடியூப் பிழைத்ததற்கு முழுப் பெருமையும் டோக்கனுக்குக் கொடுக்காதீர்கள். அடுத்த சில நொடி வீடியோவை முன்கூட்டியே இறக்கி வைத்திருக்கும், அந்த இடைவெளியில் புதிதாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

வைத்தியம்? வேலை முடிந்ததும் டெதரிங்கை அணையுங்கள். மறதி ஆசாமிகள் நெட்வொர்க் கனெக்ஷன்ஸில் போனுக்குரிய ஈதர்நெட்டை ரைட் க்ளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், ஐபிவி4, அட்வான்ஸ்டு என்று போய், ஆட்டோமேட்டிக் மெட்ரிக் டிக்கை எடுத்துவிட்டு 100 போடுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் அதே ஈதர்நெட்டை மீட்டர்டு, அதாவது அளவான டேட்டா உள்ள இணைப்பு, ஆக்கிவிடுங்கள், அப்டேட் பசி அடங்கும்.

ஐபி முகவரியின் புதிய வடிவமான ஐபிவி6-லும் அதே 100 போட மறக்காதீர்கள். நம்மூர் மொபைல் நெட் பெரும்பாலும் அதில்தான் ஓடுகிறது. நான் முதல் தடவை அதை விட்டுவிட்டேன், மறுநாளும் மெசேஜ் வந்தது. உங்கள் லேப்டாப்பில் அந்த இரண்டு எண்ணும் என்ன காட்டுகிறது? கமெண்டில் போடுங்கள், 25-ஐ விடச் சின்ன எண் வைத்திருப்பவர் யார் என்று பார்ப்போம்.