குவேசாரோட இடத்தை அளக்கணும்னா, முதல்ல அதைப் படம் எடுக்கணும்

[திரையில்: கருப்புப் பின்னணி. நடுவுல ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி.]

இந்தப் புள்ளியோட பேர் 4சி 39.25. இது ஒரு குவேசார். ரொம்ப தூரத்துல இருக்கிற ஒரு கேலக்ஸி, அதோட நடுவுல ஒரு ராட்சதக் கருந்துளை. சுத்தி இருக்கிற வாயுவை அது உள்ள இழுக்கிறப்போ கிளம்புற வெளிச்சத்துல அந்த மொத்த கேலக்ஸியே மங்கிப் போயிடுது. இன்னைக்கு நம்ம ஆன்டெனாவுல வந்து விழற இதோட ரேடியோ அலை, சுமார் 600 கோடி வருஷத்துக்கு முன்னாடி கிளம்பினது. அப்போ பூமியே உருவாகலை.

இவ்வளவு தூரத்துல இருக்கிற ஒண்ணு, வானத்துல ஆணி அடிச்ச மாதிரி ஒரே இடத்துல நிக்கணும் இல்லையா? ஆனா இதோட இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்தவங்களுக்கு ஒரு அதிர்ச்சி. வருஷா வருஷம் புள்ளி கொஞ்சம் கொஞ்சமா ஒரே திசையில நகருது. கருவியில கோளாறா? கணக்குல பிழையா? ரெண்டும் இல்லை. காரணம் என்னங்கிறது, இந்தப் புள்ளியைப் பெருசு பண்ணி எடுத்த ஒரு படத்துல இருந்துச்சு.

அந்தப் படத்துக்குப் போறதுக்கு முன்னாடி, ஒரு புள்ளி இம்மியளவு நகர்ந்ததுக்கு ஏன் இவ்வளவு கவலைன்னு பார்த்துடுவோம்.

நிலம் அளக்கிறவங்களுக்கு எல்லைக்கல் எப்படியோ, வானத்தை அளக்கிறவங்களுக்கு குவேசார் அப்படி. ஒரு கிரகம் எங்க இருக்கு, ஒரு விண்கலம் எந்தப் பக்கம் போகுது, பூமி இன்னைக்கு எவ்வளவு வேகமா சுத்துது, எதைச் சொல்றதா இருந்தாலும் நகராத ஒண்ணை வெச்சுத்தான் சொல்ல முடியும். முன்னாடி எல்லாம் விண்மீன்களைத்தான் எல்லைக்கல்லா வெச்சிருந்தாங்க. ஆனா விண்மீன்கள் நகரும். பர்னார்டு விண்மீன்னு ஒண்ணு இருக்கு. ஒரு வருஷத்துக்கு 10 ஆர்க் செகண்டுக்கு மேல ஓடுது. ஆர்க் செகண்டுங்கிறது கோண அளவு, ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினா அதுல ஒரு பங்கு. 180 வருஷத்துல முழு நிலவோட அகலத்தைக் கடந்துடும்.

குவேசாரை எடுத்துக்கங்க. 100 கோடி ஒளியாண்டு தூரத்துல இருக்கிற ஒரு கேலக்ஸி, நொடிக்கு 1,000 கிலோமீட்டர் வேகத்துல குறுக்கா ஓடினாலும், நமக்கு அது ஒரு வருஷத்துல நகர்ந்த மாதிரி தெரியிறது ஒரு மைக்ரோ ஆர்க் செகண்டை விடக் கம்மி. மைக்ரோன்னா பத்து லட்சத்துல ஒரு பங்கு. அதனால 1998 ஜனவரி 1-லேருந்து உலக வானியல் ஒன்றியம் விண்மீன்களை விட்டுட்டு, 212 ரேடியோ மூலங்களை வானத்தோட அளவுகோலா வெச்சுக்கிச்சு. இப்போ நடைமுறையில இருக்கிறது மூணாவது பதிப்பு, ஐ.சி.ஆர்.எஃப்.3. 2019 ஜனவரி 1-லேருந்து அமல்ல இருக்கு. மொத்தம் 4,536 மூலங்கள். அதுல அச்சுகளை நிர்ணயிக்கிறவை 303.

இதுல நல்லா அளக்கப்பட்ட மூலங்களோட இடம் சுமார் 30 மைக்ரோ ஆர்க் செகண்ட் வரைக்கும் சரியா இருக்கும். நிலவுல ஒரு தீப்பெட்டி படுத்துக் கிடக்குதுன்னா, இங்கேருந்து பார்க்கிறப்போ அதோட நீளம் எவ்வளவு கோணமோ, அவ்வளவுதான் இது. இந்தத் தீப்பெட்டியை ஞாபகம் வெச்சுக்கங்க, திரும்ப வருவேன்.

[திரையில்: பூமி உருண்டை. ஹவாயிலேருந்து கரீபியன் தீவு வரைக்கும் பத்து புள்ளிகள்.]

எப்படி அளக்கிறாங்க? 25 மீட்டர் அகலமான ஒரே ஒரு ரேடியோ தொலைநோக்கி போதாது. 3.6 சென்டிமீட்டர் அலையில அதோட பார்வை, நிலவோட அகலத்துல ஆறுல ஒரு பங்கு அளவுக்கு மழுங்கல். அகலம் கூடினா தெளிவு கூடும். ஆனா நமக்கு வேண்டிய தெளிவுக்கு பூமி அளவுல ஒரு ஆன்டெனா கட்டணும். அதுக்குப் பதிலா, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தள்ளி ஆன்டெனாக்களை வெச்சு, எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஒரே குவேசாரைப் பார்க்க வைக்கிறாங்க. இதுக்குப் பேர் வி.எல்.பி.ஐ. 1967-ல கனடாவுலயும் அமெரிக்காவுலயும் முதன்முதலா செஞ்சு காட்டினாங்க.

ஒரு இடத்துல உள்ள போய்ப் பார்ப்போம். ஆன்டெனா திரும்பி, நின்னு, ஒரு குவேசாரை ரெண்டொரு நிமிஷம் பார்க்குது. ரிசீவரை மைனஸ் 250 டிகிரிக்கும் கீழ குளிர வெச்சிருக்காங்க, அதோட சொந்த இரைச்சல் குறையணும்னு. அப்படியும் பதிவாகிறது முழுக்க இரைச்சல்தான். டிவியில சேனல் வராதப்போ கேக்குமே, அந்த மாதிரி. அதுல குவேசாரோட பங்கு பெரும்பாலும் நூத்துல ஒண்ணுகூட இருக்காது. பக்கத்துல ஹைட்ரஜன் மேசர்னு ஒரு கடிகாரம். அது காட்டுற நேரத்தோட சேர்த்து அந்த இரைச்சலை அப்படியே டிஸ்க்குல எழுதிக்கிறாங்க. சில நிமிஷத்துல ஆன்டெனா அடுத்த குவேசாருக்குத் திரும்பிடும். இப்படி 24 மணி நேரம் ஓடும்.

எல்லா டிஸ்க்கும், இல்லைன்னா இணையம் வழியா எல்லாத் தரவும், ஒரே இடத்துக்கு வந்து சேரும். அங்க கோரிலேட்டர்னு ஒரு கணினி, ரெண்டு ஆன்டெனாவோட இரைச்சலை எடுத்து ஒண்ணை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா முன்ன பின்ன தள்ளிப் பார்க்கும். ஏதோ ஒரு இடத்துல ரெண்டுக்குள்ளயும் ஒளிஞ்சிருக்கிற குவேசாரோட பங்கு பொருந்தும். எவ்வளவு தள்ளினா பொருந்துதோ, அதுதான் தாமதம். 8,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ரெண்டு ஆன்டெனாவுக்கு இது அதிகபட்சம் 27 மில்லி செகண்ட். அதை பத்து இருபது பிக்கோ செகண்ட் துல்லியத்துல அளக்கிறாங்க. பிக்கோ செகண்டுன்னா ஒரு நொடியில லட்சம் கோடியில ஒரு பங்கு. 10 பிக்கோ செகண்ட்ல ஒளி போற தூரம் 3 மில்லிமீட்டர். இந்தத் தாமதத்துலேருந்துதான் குவேசார் எந்தத் திசையில இருக்குன்னு கணக்கு வருது.

ஆனா இந்தக் கணக்கு முழுக்க ஒரு நம்பிக்கை மேல நிக்குது: குவேசார் ஒரு புள்ளின்னு.

[திரையில்: அதே வெள்ளைப் புள்ளி மெதுவாப் பெருசாகுது.]

அது புள்ளி இல்லை. கருந்துளைக்குப் பக்கத்துலேருந்து ஒளியோட வேகத்தை ஒட்டி ஒரு ஜெட் பீறிட்டு வருது. ரேடியோவுல நாம பார்க்கிறது பெரும்பாலும் அந்த ஜெட்டைத்தான். அடியில பிரகாசமா ஒரு கரு, அதுலேருந்து ஒரு பக்கமா முடிச்சு முடிச்சா நீளுற வால்.

இதைப் படம் எடுக்கவும் அதே தரவுதான். எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் ரொம்பப் பிடிச்ச இடம் இது, அதனால கொஞ்சம் நிதானமாச் சொல்றேன்.

வி.எல்.பி.ஏ.ங்கிற அமெரிக்க அமைப்புல பத்து ஆன்டெனா. ரெண்டு ரெண்டா ஜோடி சேர்த்தா 45 ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் படத்தைப் பத்தி ஒரே ஒரு தகவலைத்தான் தரும்: இந்த நீளத்துல, இந்தத் திசையில, வெளிச்சத்துல எவ்வளவு மேடு பள்ளம்னு. பூமி சுத்தச் சுத்த, குவேசாரோட பார்வையில அந்த ஜோடிகளோட நீளமும் திசையும் மாறும், புதுத் தகவல் வந்துட்டே இருக்கும். ஆனாலும் நிறைய ஓட்டை மிஞ்சும். அதனால முதல்ல கிடைக்கிற படம் கோடும் கீறலுமா இருக்கும். அதுலேருந்து பிரகாசமான புள்ளியா ஒண்ணொண்ணா கழிச்சுக் கழிச்சு உண்மைப் படத்தைத் திரட்டுற முறையை 1974-ல யான் ஹோக்போம் வெளியிட்டார். அதைத்தான் இன்னைக்கு வரைக்கும் பயன்படுத்துறாங்க.

அதுக்கும் முன்னாடி இன்னொரு தொல்லை இருக்கு. காத்துல இருக்கிற ஈரம். ஒவ்வொரு ஆன்டெனாவுக்கு மேலயும் அது வேற வேற அளவுல இருக்கும், நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும், அலையைத் தாமதப்படுத்தும். இதுக்கு 1958-லயே ரோஜர் ஜெனிசன் ஒரு அழகான வழி கண்டுபிடிச்சார். மூணு ஆன்டெனாவை முக்கோணமா எடுத்துக்கங்க. முதல் ஆன்டெனா மேல ஈரம் கூடிடுச்சுன்னா, ஒண்ணு–ரெண்டு ஜோடியில அந்தப் பிழை கூடும். மூணு–ஒண்ணு ஜோடியில அதே பிழை குறையும். மூணு பக்கத்தையும் சுத்திக் கூட்டினா பிழை அடிபட்டுப் போயிடும். குவேசாரோட உருவத்தைப் பத்தின தகவல் மட்டும் மிஞ்சும்.

படம் பளிச்சுன்னு வந்துடும். ஆனா காத்தோட பிழை போறப்போ, அதுகூடவே வேற ஒண்ணும் போயிடுது: அந்தக் குவேசார் வானத்துல எங்க இருக்குங்கிறது. உருவம் தெரியும், இடம் தெரியாது. தாமதத்தை வெச்சு அளந்தா இடம் தெரியும், உருவம் தெரியாது. ஒரே தரவுலேருந்து ரெண்டையும் தனித்தனியா எடுத்து, அப்புறம் ஒண்ணுக்கொண்ணு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கு. இதனாலதான் படம் எடுக்கிறது இங்க அலங்காரத்துக்கு இல்லை, அளவையோட ஒரு பாகம்னு சொல்றேன்.

இப்போ தீப்பெட்டிக்கு வருவோம். ஹவாய்க்கும் கரீபியனுக்கும் நடுவுல 8,600 கிலோமீட்டர். 3.6 சென்டிமீட்டர் அலையில அதோட தெளிவு ஒரு மில்லி ஆர்க் செகண்டை விடக் கொஞ்சம் நல்லா இருக்கும். நிலவுல ஒரு ஆள் நின்னா அவரோட உயரம்னு வெச்சுக்கங்க. அதாவது, ஆள் உயரத்துக்கு மழுங்கலா இருக்கிற ஒரு உருவத்தோட நடுப்புள்ளியை, தீப்பெட்டி அளவுக்குச் சரியாச் சொல்றோம். அந்த மழுங்கலுக்குள்ள ஒரு முடிச்சு பிரகாசமானாலே நடுப்புள்ளி நகர்ந்துடும்.

[திரையில்: 4சி 39.25. சமவுயரக் கோடுகளோட ரேடியோ படங்கள், வருஷ வரிசையில.]

4சி 39.25-ல நடந்தது இதுதான். படங்களை வரிசையா வெச்சுப் பாருங்க. ரெண்டு முடிச்சு அசையாம நிக்குது. அதுக்கு நடுவுல மூணாவதா ஒரு முடிச்சு ஒரு பக்கத்துலேருந்து இன்னொரு பக்கத்துக்கு நகருது, போகப் போக பிரகாசமும் ஆகுது. மொத்த வெளிச்சத்தோட நடுப்புள்ளியை அது தன்கூடவே இழுத்துட்டுப் போகுது. கேலக்ஸி எங்கயும் போகலை. உள்ள ஓடினது ஒரு முடிச்சு.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஜெட் நீளுற திசையிலயே அமைஞ்ச ஆன்டெனா ஜோடிக்கு, கருவும் முடிச்சும் தனித்தனியாத் தெரியும். குறுக்குத் திசையில இருக்கிற ஜோடிக்கு அதே குவேசார் ஒத்தைப் புள்ளி. பூமி சுத்துறதால காலையில ஒரு பதிலும் சாயங்காலம் ஒரு பதிலும் வரும். இதை எடைபோட 1997-ல ஆலன் ஃபேயும் பாட்ரிக் ஷார்லோவும் ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டு வந்தாங்க. படத்தை வெச்சு, அந்த உருவம் தாமதத்துல எத்தனை பிக்கோ செகண்ட் பிழையை உண்டாக்கும்னு கணக்குப் போட்டு, 1-லேருந்து 4 வரைக்கும் எண் தருவாங்க. 3 பிக்கோ செகண்டுக்குள்ள இருந்தா 1. 30-ஐத் தாண்டினா 4. புகழ்பெற்ற 3சி 273, அதான் 1963-ல மார்டன் ஷ்மிட் முதன்முதலா தூரம் கணிச்ச குவேசார், நீளமான ஜெட்டோட அவ்வளவு அழகா இருக்கும். அந்த அழகே அளவுகோலுக்கு ஆகாது. எல்லைக்கல்லா நிக்க, படத்துல பார்க்க ஒண்ணுமே இல்லாத சப்பையான குவேசார்தான் வேணும். அதுவும் நாளைக்கே புது முடிச்சை வெளிய தள்ளலாம். அதனால ஒருதடவை படம் எடுத்தா தீராது, எடுத்துக்கிட்டே இருக்கணும்.

அலைநீளத்தை மாத்தினாலும் புள்ளி நகரும். ஜெட்டோட அடிப்பகுதி நீளமான அலைகளை உள்ளயே விழுங்கிடும். கிகாஹெர்ட்ஸ் எண் குறையக் குறைய அலை நீளமாகும். அதனால 2.3 கிகாஹெர்ட்ஸ்ல தெரியிற கரு, 8.4-ல தெரியிறதை விட கருந்துளையிலேருந்து தள்ளி இருக்கும். ஐ.சி.ஆர்.எஃப்.3-ல 8.4, 24, 32 கிகாஹெர்ட்ஸ்னு மூணுலயும் தனித்தனியா இடம் குறிச்சிருக்காங்க.

இவ்வளவு பாடுபட்டு வெச்ச எல்லைக்கற்கள் அன்றாடம் வேலை செய்யுது. பூமி ஒரு மில்லி செகண்ட் பிந்திச் சுத்தினா, நிலநடுக்கோட்டுல அது 46 சென்டிமீட்டர். அதை வி.எல்.பி.ஐ.தான் குவேசார்களை வெச்சுக் கண்காணிக்குது. செவ்வாய்க்குப் போற விண்கலத்தையும் பக்கத்துல தெரியிற குவேசாரையும் மாத்தி மாத்திப் பார்த்துத்தான் அதோட திசையைத் திருத்துறாங்க.

கடைசியா ஒண்ணு. ஐரோப்பாவோட கயா விண்கலம், 2013-ல ஏவினது, 2025 ஜனவரி வரைக்கும் வானத்தை அளந்துச்சு. கண்ணுக்குத் தெரியிற ஒளியில 16 லட்சம் குவேசார்களோட இடத்தைக் குறிச்சிருக்கு. ரேடியோவுல குறிச்ச இடத்தோட ஒப்பிட்டா பெரும்பாலானவை பொருந்துது. சிலது ஒரு மில்லி ஆர்க் செகண்டுக்கும் மேல விலகி நிக்குது. விலகல் எந்தப் பக்கம்னு பார்க்க, ரேடியோ படங்களை எடுத்து மேல வெச்சாங்க.

[திரையில்: ரேடியோ படத்து மேல கயாவோட புள்ளி. ஒண்ணு, ரெண்டு, பத்து குவேசார்கள்.]

விலகல் ஜெட் கிடக்கிற கோட்டை ஒட்டியே இருக்கு. புள்ளி வால் பக்கம் தள்ளி இருந்தா, அங்க ஜெட்டே ஒளியில எரியுது. கருந்துளைப் பக்கம் தள்ளி இருந்தா, கயா பார்த்தது கருந்துளையைச் சுத்துற வாயு வட்டோட வெளிச்சம். ரேடியோ பார்த்தது அதுக்குக் கொஞ்சம் மேல, ஜெட் தொடங்குற இடம்.