அனிமல் சயின்ஸ் படிப்பு: வாங்கும் சம்பளத்துக்குக் கடன் கட்டுப்படியாகுமா?

[திரையில்: அயோவா மாநிலம், சோளக்காட்டுக்கு நடுவே நீளமான தகரக் கொட்டகைகள்]

வணக்கம். அமெரிக்காவில் பிளஸ் டூ முடிக்கப் போகிற பிள்ளை, அதுவும் நாய் பூனை என்றால் உயிரை விடுகிற பிள்ளை, "நான் அனிமல் சயின்ஸ் படிக்கப் போகிறேன்" என்று, அதாவது பண்ணை விலங்குகளின் வளர்ப்பு பற்றிய இளங்கலைப் படிப்பில் சேரப் போவதாகச் சொன்னதும் பெற்றோர் முதலில் தேடுவது சம்பளத்தைத்தான். அந்த நாட்டுக் கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் போய்ப் பார்த்தால் கல்லூரி வாரியாக, பல படிப்புகளுக்கு ஒரு நடுத்தரச் சம்பளமும் (வரிசையில் நடுவில் இருப்பவர் வாங்குவது) ஒரு நடுத்தரக் கடனும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் படிப்புக்கு அந்த ஒற்றை எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

ஏன் என்றால், இதில் சேருகிறவர்களில் நிறையப் பேர் கால்நடை மருத்துவர் ஆகவேண்டும் என்று வருகிறவர்கள். தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்ததும் நேராகக் கால்நடை மருத்துவத்தில் சேரலாம், அங்கே பெரும்பாலும் முதலில் ஒரு இளங்கலை, அப்புறம்தான் நான்கு வருட மருத்துவப் படிப்பு. அப்படித் தொடர்ந்து படித்துக்கொண்டிருப்பவர்களை ஸ்கோர்கார்டு சம்பளக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவர்கள் பிறகு வாங்கும் பெரிய கடனும் இளங்கலைக் கணக்கில் வராது. தனியார் வங்கிக் கடனும் அதில் இல்லை.

சரி, நாமே கணக்குப் போடுவோம்.

[திரையில்: 5,500 + 6,500 + 7,500 + 7,500 = 27,000 டாலர்]

பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவருக்கு மத்திய அரசுக் கடன் முதல் வருடம் 5,500 டாலர், அடுத்தது 6,500, பிறகு இரண்டு வருடமும் 7,500 வரை. குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால்தான் இது கிடைக்கும், எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் போகிறவர்களுக்குக் கிடையாது. 27,000 டாலரையும் ஆறரை சதவீத வட்டியில் பத்து வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 307 டாலர். படிக்கும்போதே ஏறுகிற வட்டியை நான் சேர்க்கவில்லை, சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

தவணை சம்பளத்தில் எட்டு சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது தொழிற்படிப்புகளுக்கு அந்த நாட்டு அரசே வைத்த ஒரு அளவுகோல். அதை இங்கே வைத்துப் பார்த்தால் வருடத்துக்குக் குறைந்தது 46,000 டாலர் சம்பளம் வேண்டும். இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காதவர்கள் "விலங்குகளோடு இருந்தால் போதும்" என்று ஒரு கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்துவிடுகிறார்கள். அந்த வேலைக்கு 2023 கணக்குப்படி நடுத்தரச் சம்பளம் 36,000 டாலரை ஒட்டித்தான், அதற்குப் பட்டமே தேவையில்லை. அதற்கு ஒரு படி மேலே இருக்கும் டெக்னீஷியனுக்கு 43,740 டாலர், அதற்குப் பொதுவாக அங்கீகாரம் பெற்ற இரண்டு வருடத் தனிப் படிப்பு வேண்டும், அனிமல் சயின்ஸ் பட்டம் மட்டும் போதாது. நாலு வருடம் படித்து, கடனும் வாங்கி, இரண்டு வருடப் படிப்புக்காரரை விடக் குறைவாகச் சம்பாதிப்பது எப்படி நடக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

காசு இருக்கும் இடம் வேறு. தீவனக் கம்பெனி விற்பனை, பால் பண்ணை மேலாண்மை, இறைச்சி ஆலையில் தரக் கட்டுப்பாடு, சினை ஊசி மற்றும் இனப்பெருக்கக் கம்பெனிகள், பன்றிப் பண்ணை.

[திரையில்: பண்ணை வாசலில் ஒரு குளியலறைக் கதவு]

இந்தக் கதவைப் பாருங்கள். பெரிய தாய்ப்பன்றிப் பண்ணைகளில் நோய் உள்ளே போகாமல் இருக்க, வேலைக்குப் போகிறவர் போட்டிருக்கும் துணி அத்தனையையும், உள்ளாடை உட்பட, இந்தப் பக்கம் கழற்றி வைத்துவிட்டு, தலைக்குக் குளித்து, அந்தப் பக்கம் பண்ணையின் துணியை மாட்டிக்கொண்டு போகவேண்டும். வெளியே வரும்போது மறுபடி குளியல். நாய்க்குட்டி ஆசையில் வந்த பிள்ளைக்கு இது ஒத்துவருமா என்பதுதான் சம்பளத்தை விடப் பெரிய கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. ஒத்துவந்தால், ஊர்ப்புறத்தில் வீட்டு வாடகையும் குறைவு, அதே சம்பளம் கலிபோர்னியாவில் இருப்பதை விட நன்றாகவே தாங்கும்.

மருத்துவர் ஆகிவிட்டால்? 2023-ல் நடுத்தரச் சம்பளம் 119,100 டாலர். கேட்க இனிக்கும். ஆனால் 2025-ல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கும், கால்நடை மருத்துவம் போன்ற தொழில்முறைப் படிப்பு மாணவருக்கு மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 50,000, மொத்தம் 200,000 டாலர்தான் உச்சவரம்பு. அந்த இரண்டு லட்சத்தை எட்டு சதவீத வட்டியில் பத்து வருடத்தில் கட்டினால் மாதம் 2,400 டாலருக்கு மேல். சம்பளத்தில் கிட்டத்தட்ட கால்வாசி, அதுவும் வரி பிடிப்பதற்கு முந்தைய சம்பளத்தில். மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருடம் வேலை பார்த்தால் கடனில் ஒரு பகுதியை விவசாயத் துறை அடைக்கிற திட்டம் ஒன்று இருக்கிறது, இடங்கள் குறைவு.

அதனால் என் யோசனை: மருத்துவ இடம் கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு இளங்கலைக்குக் கடன் வாங்குங்கள். சொந்த மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம் என்றால் 27,000-க்குள் அடக்கப் பாருங்கள். பெற்றோர் பெயரில் தனிக் கடன் எடுத்துத்தான் வெளிமாநிலக் கல்லூரிக்கு அனுப்ப முடியும் என்றால் நான் வேண்டாம் என்பேன்.

கல்லூரியைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது துறை அலுவலகத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். போன வருடம் மருத்துவத்துக்கு விண்ணப்பித்த உங்கள் மாணவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது? கிடைக்காதவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? முதல் கேள்விக்குப் பதில் தயாராக வைத்திருப்பார்கள். இரண்டாவதற்குக் கம்பெனி பெயரும் ஊர்ப் பெயருமாகப் பதில் வந்தால் விண்ணப்பம் போடுங்கள்.