அந்தத் துணியைப் பிடித்திருக்கும் விரல்கள்

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். 'சீக்ஃபெல்ட் ஃபாலிஸ் நடனப் பெண்களின் பழைய புகைப்படங்களுக்கு உயிர் கொடுத்தது கேமராக்காரரா, அந்தப் பெண்களா?' இதுதான் தலைப்பு. சீக்ஃபெல்ட் ஃபாலிஸ் என்பது நூறு வருடத்துக்கு முன் நியூயார்க்கில் நடந்த ஆடம்பரமான ஆடல்பாடல் மேடை நிகழ்ச்சி. பெண்கள்தான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் அந்தக் கேமராக்காரர் ஆல்ஃபிரட் செனி ஜான்ஸ்டனைப் புகழ்ந்து தள்ளினார். சரி, எனக்கும் அவரைப் பிடிக்கும். ஓவியம் படித்தவர், 1917 வாக்கில் நியூயார்க் நாடக முதலாளி சீக்ஃபெல்டிடம் சேர்ந்து பதினைந்து வருடம் போல அவருடைய மேடைப் பெண்களைப் படமெடுத்தவர், 11க்கு 14 அங்குல நெகட்டிவ் போடும் பெரிய கேமரா, பார்த்துப் பார்த்து வைத்த வெளிச்சம், எடுத்த படத்தைக் கையால் திருத்தும் ரீடச்சிங், எல்லாம் உண்மை. ஆனால் "பெண் சும்மா நின்றாள், மீதியை அவர் பார்த்துக்கொண்டார்" என்றாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சும்மாவா நின்றாள்? ஃபாலிஸ் மேடையில் ஓவியர் பென் அலி ஹாகின் அமைத்த காட்சிகள் உண்டு. திரை விலகும்போது பெண்கள் ஓவியம் போல உறைந்து நிற்பார்கள். ஆடை குறைந்த பெண் அசையாமல் நின்றால் கலை, அசைந்தால் ஆபாசம் என்பது அன்றைய நியூயார்க்கின் கணக்கு. ஆக, அசையாமல் நிற்பதே அவர்கள் கற்ற தொழில்! அந்த வித்தையோடுதான் ஜான்ஸ்டன் ஸ்டூடியோவுக்குள் வந்தார்கள்.

அவருடைய படங்களை நிதானமாகப் பாருங்கள். வெறும் தோள், அதிலிருந்து நழுவப் போகும் ஒரு சால்வை, அதை மார்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் ஒரு கை. விரல்களில் இறுக்கம் கூடினால் பயம் தெரியும், குறைந்தால் துணி விழுந்துவிடும். அந்த அளவு எந்த லென்ஸுக்குத் தெரியும்?

அப்புறம் லூயிஸ் புரூக்ஸ். 1925இல் ஃபாலிஸில் ஆடியவர். அதே ஆண்டு நவம்பரில், ஜான் டி மிர்ஜியன் என்ற இன்னொரு கேமராக்காரர் எடுத்த தன்னுடைய துணிச்சலான படங்களை வெளியிடக் கூடாது என்று வழக்குப் போட்டார். வயது 19! தன் உருவத்தை யார், எங்கே பார்க்கலாம் என்பதில் தனக்கும் பங்கு உண்டு என்று அந்தப் பெண் கோர்ட்டுக்கே போனார், நாம் இன்னும் அவரைச் சும்மா நின்றவர் வரிசையில் சேர்க்கிறோம்.

ஜான்ஸ்டனின் எத்தனையோ படங்களில் அவர் பெயர் இருக்கிறது, பெண் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. நடுவர் அவர்களே, தீர்ப்புக்கு முன்னால் அப்படிப் பெயரில்லாத ஒரு படத்தை எடுத்து, அந்த விரல்களை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.