பெரட்டில் சொல்லாத காரணம்

வணக்கம் நேயர்களே.

தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று பழகியவர்களுக்கு இது புதிதில்லை. "நாளையிலிருந்து பதினெட்டு கிலோ எடுத்தால்தான் முழுப்பேர்" என்று, அதாவது அவ்வளவு கொழுந்து பறித்தால்தான் முழுநாள் சம்பளம் என்று, தோட்டத்தை நடத்தும் துரை ஒரு வரி சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஏன் என்று சொல்லமாட்டார். சொல்லாவிட்டால் என்ன, பத்து மணிக்குள் மலையில் காரணம் தயாராகிவிடும். "கம்பனிக்கு நட்டமாம்" என்று ஒரு அக்கா தொடங்குவார். கொழுந்து மடுவத்தில் நிறுவைக்கு வரும்போது அது "ஆள் குறைக்கப் போறாங்களாம்" ஆகியிருக்கும். அந்தியில் குடியிருக்கும் லயத்துக்கு வரும்போது தோட்டமே விலைபோய்விடும்! 1992இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பேச்சு சட்டென்று பிடித்துக்கொள்வதில் என்ன ஆச்சரியம்?

மனிதர்கள் பல நேரம் முதலில் செய்துவிட்டு, பிறகு திரும்பிப் பார்த்துத்தான் காரணம் கண்டுபிடிக்கிறார்கள் என்று கார்ல் வைக் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதினார். தொழிலாளி மட்டுமா? கொழும்பிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்புக்காகச் செய்ததை, வருஷக் கடைசியில் "நான் அப்போதே யோசித்தேன்" என்று சொல்லும் துரைமாரும் உண்டு.

வைக் ஆராய்ந்த ஒரு சம்பவத்தைச் சொல்லியே ஆகவேண்டும். 1949 ஆகஸ்ட், மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கு. காய்ந்த புல் சரிவு. நம்ம பக்கம் மாணாப்புல் பற்றினால் எப்படி மேலேறும் என்று பார்த்திருப்பீர்கள், அப்படித்தான். தீயணைக்கப் போனவர்கள் மேல்நோக்கி ஓடுகிறார்கள். தலைவர் டொட்ஜ் நின்று, தனக்கு முன்னால் இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்தார். எரிந்து முடிந்த இடத்துக்குள் வந்து படுங்கள் என்றார். பின்னால் நெருப்பு, முன்னாலும் நெருப்பு வைக்கிறார் தலைவர்! யார் கேட்பார்கள்? ஒருவரும் நிற்கவில்லை. பதின்மூன்று பேர் இறந்தார்கள். சாம்பலில் படுத்த டொட்ஜ் பிழைத்தார். வேறு இருவர் ஓடியே தப்பினார்கள்.

சரியான கட்டளைதான். ஆனால் கேட்டவர்களுக்குப் பொருள்படவில்லை. டொட்ஜுக்கு விளக்க நேரமில்லை என்பதை ஒத்துக்கொள்ளலாம். துரைக்கு? தினமும் ஒரு பெரட்டு இருக்கிறதே.

அப்புறம் மலையில் வேலையை மேற்பார்க்கும் கணக்குப்பிள்ளைமார் பற்றிப் பேச நினைத்திருந்தேன். மேலே எடுத்த முடிவுக்குக் கீழே பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான், காரணம் அவர்களுக்கே தெரியாதபோதும். அதற்குள் நேரம் முடிந்தது என்று வானொலி நிலையத்தார் கை காட்டிவிட்டார்கள். நன்றி நேயர்களே, வணக்கம்.