காரில் பாட்டு: வானத்திலிருந்தா, சட்டைப்பையிலிருந்தா?

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலி நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு வானொலிக்கு வந்த போட்டியைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனாலும் கேட்டதும் ஒப்புக்கொண்டேன். காருக்குள் பாட்டுக் கேட்பதை முன்வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய பந்தயத்தை அங்கே வேலை பார்த்த காலத்தில் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அதில் தோற்றது யார் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் சொல்லும் பதில் வேறு, நடந்தது வேறு.

2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 25 அன்று எக்ஸ்எம் என்ற, மாதச் சந்தா கட்டிக் கேட்கும் செயற்கைக்கோள் வானொலி டல்லஸ், சான் டியாகோ நகரங்களில் ஒலிபரப்பைத் தொடங்கியது. செப்டம்பர் 12 அன்றே தொடங்குவதாக இருந்தது. முந்தைய நாள் நடந்த தாக்குதலால் தள்ளிப்போயிற்று. அதற்குச் சரியாக 28 நாள் கழித்து, அக்டோபர் 23 அன்று, ஆப்பிள் நிறுவனம் ஐபாடை அறிமுகப்படுத்தியது. 5 ஜிபி கொள்ளளவு, ஆயிரம் பாட்டு, விலை 399 டாலர், மேக் கணினி இருந்தால்தான் பயன்படும். ஒன்று ராக்கெட்டில் ஏறி வந்தது, இன்னொன்று சட்டைப்பையில் வந்தது. இரண்டுக்கும் வாடிக்கையாளர் ஒருவர்தான்: தினமும் மணிக்கணக்கில் கார் ஓட்டும் அமெரிக்கர்.

சரி, வானொலி என்பது இலவசமாகக் கிடைக்கிற சங்கதி ஆயிற்றே, அதற்கு மாதச் சந்தா கட்டுவார்களா என்று நம் ஊரில் எவரும் கேட்பார்கள். அங்கேயும் கேட்டார்கள். ஆனால் காரணம் இருந்தது. 1996-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஒரே நிறுவனம் நாடு முழுக்க எத்தனை வானொலி நிலையங்கள் வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பை நீக்கியது. கிளியர் சேனல் என்ற நிறுவனம் ஏறத்தாழ 1200 நிலையங்களை வாங்கிப் போட்டது. எந்த ஊரில் திருப்பினாலும் அதே முப்பது பாட்டு, நடுவே கார் விற்பவரின் கூச்சல். அதோடு அந்த நாட்டின் அகலத்தையும் நினைத்துப் பாருங்கள். நல்ல கோபுரம் இருந்தாலும் ஒரு எஃப்எம் நிலையம் அறுபது, எழுபது கிலோமீட்டருக்கு மேல் தெளிவாக வராது. இன்டர்ஸ்டேட் 10 நெடுஞ்சாலையில் டெக்சாஸ் மாநிலத்தை மட்டும் கடக்க 1400 கிலோமீட்டர். மேற்கு டெக்சாஸில் டயலைத் திருப்பிக்கொண்டே போனால் கேட்பது பெரும்பாலும் இரைச்சல்தான்.

இந்த இரண்டு குறையையும் நம்பித்தான் இரண்டு நிறுவனங்கள் 1997-இல் அரசு ஏலத்தில் 17 கோடி டாலருக்கு மேல் கொடுத்து உரிமம் வாங்கின. ஒன்று எக்ஸ்எம் ஆயிற்று, மற்றொன்று சிரியஸ். பொறியாளனாக எனக்குப் பிடித்த பகுதி இங்கேதான் வருகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்எம் நிலநடுக்கோட்டுக்கு மேலே, பூமியோடு சேர்ந்து சுற்றும் புவிநிலைப் பாதையில் இரண்டு செயற்கைக்கோள்களை நிறுத்தியது. பசிபிக் கடலில் மிதக்கும் மேடையிலிருந்து ஏவினார்கள். ஒன்றின் பெயர் ராக், இன்னொன்றின் பெயர் ரோல். அவற்றின் சூரியப் பலகைகள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் மங்கியதால் மாற்று அனுப்ப வேண்டி வந்தது. அவற்றுக்கு ரிதம், புளூஸ் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைப்பதற்கென்றே ஆள் போட்டிருப்பார்கள் போல.

சிரியஸ் வேறு வழி யோசித்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் அமெரிக்காவின் வடக்குப் பகுதியிலிருந்து பார்த்தால் தெற்கு வானில் தாழ்வாகத் தெரியும். மரம், மலை, கட்டடம் எது வந்தாலும் மறைக்கும். அதனால் சிரியஸ் மூன்று செயற்கைக்கோள்களை நீள்வட்டப் பாதையில் விட்டது. ஒவ்வொன்றும் நாளில் பதினாறு மணி நேரம் வடக்கு அரைக்கோளத்தின் மேலே, ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கும். ஒன்று தெற்கே இறங்கும்போது மற்றொன்று மேலே வந்துவிடும்.

பாலத்துக்கு அடியில் கார் போனால்? அதற்கு எக்ஸ்எம் செய்த வேலை அழகானது. இரண்டு செயற்கைக்கோள்களும் அதே நிகழ்ச்சியைத்தான் அனுப்பும், ஆனால் ஒன்று சில நொடி முந்தி, இன்னொன்று பிந்தி. முந்தி வந்ததை ரேடியோப் பெட்டி நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். பாலத்தடியில் சிக்னல் போய்விட்டால் கையிருப்பிலிருந்து எடுத்துப் பாடும். நீங்கள் மறுபக்கம் வெளியே வரும்போது எதுவும் நடந்த மாதிரியே இருக்காது. வானுயரக் கட்டடங்கள் நிறைந்த நகரங்களுக்குள் மட்டும் தரையில் நூற்றுக்கணக்கான மறு ஒலிபரப்பிகளை வைத்தார்கள்.

இவ்வளவும் செய்து கிடைத்த ஒலி எப்படி? உண்மையைச் சொன்னால், சுமார்தான். மொத்தமாகக் கிடைத்தது நொடிக்கு ஏறத்தாழ 4 மெகாபிட். அதை நூறு அலைவரிசைகளுக்குப் பங்கு போட வேண்டும், ஒன்றுக்குச் சராசரி 40 கிலோபிட்தான் தேறும். பேச்சுக்கு அது போதும். பாட்டில் ஜால்ரா, சிம்பல் மாதிரியான நுண்ணிய ஓசைகள் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். சாதாரண எம்பி3 பாட்டு ஒன்றுக்கே நொடிக்கு 128 கிலோபிட் இருந்த காலம் அது. ஆக, ஒலித்தரத்தில் சட்டைப்பைப் பெட்டிக்கே வெற்றி.

ஆனால் அந்தப் பெட்டியைக் காரோடு எப்படி இணைப்பது? அங்கேதான் ஐபாடின் அவஸ்தை ஆரம்பித்தது. காரில் காசெட் பிளேயர் இருந்தால், காசெட் வடிவிலேயே இருக்கும் அடாப்டரைச் செருகி, அதிலிருந்து தொங்கும் வயரை ஐபாடில் மாட்டலாம். சுமாராக வேலை செய்யும். கியர் மாற்றும்போது வயர் கையில் சிக்கும். காசெட் இல்லாத கார் என்றால் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். சிகரெட் லைட்டர் துளையில் செருகினால், காலியான எஃப்எம் அலைவரிசை ஒன்றில் உங்கள் பாட்டைத் தானே ஒலிபரப்பும்; கார் ரேடியோவை அங்கே திருப்பி வைத்துக் கேட்க வேண்டும். கிராமப்புறத்தில் பிரமாதம். நியூயார்க்கில் காலியான அலைவரிசைக்கு எங்கே போவது? ஒன்றைக் கண்டுபிடித்து வைத்தால் பத்து நிமிடத்தில் ஏதோ ஒரு நிலையம் மேலே ஏறிப் பேச ஆரம்பித்துவிடும்.

செயற்கைக்கோள் ரேடியோவைக் கடையில் வாங்கித் தாங்களே காரில் ஒட்டிக்கொண்டவர்களுக்கும் இதே டிரான்ஸ்மிட்டர்தான் கைகொடுத்தது. இதில் ஒரு கூத்து நடந்தது. ஹோவர்ட் ஸ்டெர்ன் என்று ஒரு அறிவிப்பாளர். வாய் கூசாமல் பேசியே தன்னை ஒலிபரப்பிய நிறுவனங்களுக்கு அரசிடம் அபராதம் வாங்கித் தந்தவர். அவர் 2006 ஜனவரியில் சிரியஸுக்குப் போனார், ஐந்தாண்டுக்கு 50 கோடி டாலர் ஒப்பந்தம். சந்தாதாரர்களின் கார்களில் இருந்த டிரான்ஸ்மிட்டர்களில் சில, அனுமதித்த அளவை மீறிய சக்தியோடு இருந்தன. அவை பெரும்பாலும் டயலின் அடிப்பக்கத்தில், பொது வானொலியும் கிறிஸ்தவ நிலையங்களும் இருக்கிற இடத்தில் ஒலிபரப்பின. சிக்னலில் நின்றுகொண்டு பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தவரின் ரேடியோவில், பக்கத்துக் காரிலிருந்து ஸ்டெர்ன் புகுந்து பேசினார். புகார்கள் குவிந்தன, அரசு தலையிட்டது. பின்னாளில் இரண்டு நிறுவனங்களும் இது போன்ற விதிமீறல்களுக்காக ஏறத்தாழ 2 கோடி டாலர் கட்டின.

அந்த ஸ்டெர்னை வேடிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை. ஒப்பந்தம் அறிவிக்கப்பட்ட 2004 அக்டோபரில் சிரியஸுக்குப் பத்து லட்சம் சந்தாதாரர்கூட இல்லை. 2005 முடிவில் 33 லட்சம். மாதம் 12.95 டாலர் கட்டி வந்தவர்களில் பலர் பாட்டுக்காக வரவில்லை, ஒரு மனிதரின் பேச்சுக்காக வந்தார்கள். அப்புறம் அமெரிக்கக் கால்பந்து, பேஸ்பால் நேரடி வர்ணனை. என் கணிப்பில் பந்தயத்தின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது. விளம்பரமில்லாத இசை என்று இரண்டு நிறுவனங்களும் பறைசாற்றின. ஆனால் இசையைப் பொறுத்தவரை ஐபாடோடு போட்டி போடவே முடியாது. நமக்குப் பிடித்த பாட்டு நம் கையிலேயே இருக்கும்போது, அடுத்து என்ன வரும் என்று காத்திருக்க எத்தனை பேருக்குப் பொறுமை உண்டு? ஆனால் இன்று மாலை நடக்கிற ஆட்டத்தை ஐபாடில் நேற்றே ஏற்றி வைக்க முடியாது.

எங்களைப் போல அங்கே குடியிருந்த தமிழர்களுக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. நூற்றுக்கு மேல் அலைவரிசை. நான் புரட்டிப் பார்த்த பட்டியலில் தமிழுக்கு ஒன்றுகூட இல்லை. ஐபாடும், எம்பி3 பாட்டுகளை எரித்த சிடியும்தான் கதி. நடுவே செயற்கைக்கோள் ரேடியோ இலவசமாக வந்தால் செய்திக்குப் போடுவோம்.

இலவசமாக வந்தால் என்றேனே, அதுதான் அடுத்த முக்கியமான விஷயம். புதுக் கார் வாங்கினால் ரேடியோ உள்ளேயே பொருத்தி வரும், முதல் சில மாதங்கள் சந்தா கிடையாது. ஜெனரல் மோட்டார்ஸும் ஹோண்டாவும் எக்ஸ்எம்மில் பணம் போட்டிருந்தன. ஃபோர்டும் கிரைஸ்லரும் சிரியஸ் பக்கம். கார் நிறுவனங்களுக்குச் சந்தாவில் பங்கும் உண்டு. ஐபாடோ, டேஷ்போர்டுக்குள் நுழையவே கஷ்டப்பட்டது. 2004-இல் பிஎம்டபிள்யூ ஐபாடுக்கென்று ஓர் இணைப்பைக் கொண்டுவந்தபோது அது பெரிய செய்தியாயிற்று. ஸ்டீரிங்கில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பாட்டை மாற்றலாம் என்பதெல்லாம் அன்றைக்கு அதிசயம். பாட்டுப் பெட்டியின் வயரை நேரே செருகும் ஆக்ஸ் துளையும் யூஎஸ்பியும் எல்லா வண்டியிலும் பரவ இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

2007 பிப்ரவரியில் எக்ஸ்எம்மும் சிரியஸும் இணையப் போவதாக அறிவித்தன. 1997-இல் உரிமம் கொடுத்தபோதே இரண்டும் ஒருவர் கைக்குப் போகக் கூடாது என்று விதி இருந்தது. இருப்பதே இரண்டு, இரண்டும் ஒன்றானால் ஏகபோகம்தானே? அதற்கு சிரியஸ் தலைவர் மெல் கர்மசின் நாடாளுமன்றக் குழு முன்பு வைத்த வாதம்: எங்களுக்குப் போட்டி எக்ஸ்எம் மட்டும் இல்லை, ஐபாட் இருக்கிறது, செல்பேசி இருக்கிறது, இலவச எஃப்எம் இருக்கிறது. முதலீட்டாளர்களிடம் ஐபாடெல்லாம் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை என்கிற தொனியில் பேசிய துறை, அரசிடம் போய் ஐபாடைக் கண்டால் பயமாக இருக்கிறது என்றது. இதை எதிர்த்த எஃப்எம் முதலாளிகளின் சங்கம், தன் பங்குக்கு, செயற்கைக்கோள் வானொலி தனிச் சந்தை என்று வாதாடியது. அமெரிக்க அரசின் நீதித் துறை 2008 மார்ச்சில் தடை சொல்லாமல் விட்டது. தகவல் தொடர்பு ஆணையம் ஜூலையில் மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் ஒப்புதல் தந்தது. ஒரு வகையில் பார்த்தால் அந்த இணைப்பை வாங்கிக் கொடுத்ததே ஐபாட்தான்.

இணைந்த சில மாதங்களில் உலகப் பொருளாதாரம் சரிந்தது, கார் விற்பனை படுத்தது. 2009 பிப்ரவரியில் நிறுவனம் திவாலாகும் விளிம்பில் நின்றது. லிபர்ட்டி மீடியா என்ற ஊடக நிறுவனம் 53 கோடி டாலர் கடன் கொடுத்துக் காப்பாற்றி, 40 விழுக்காடு பங்கை எடுத்துக்கொண்டது.

இதே காலத்தில் இன்னொரு செயற்கைக்கோள் வானொலி நிஜமாகவே மூழ்கியது. அது நமக்கு நெருக்கமானது. எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா தொடங்கிய வேர்ல்ட்ஸ்பேஸ். ஆரம்பத்தில் எக்ஸ்எம்மிலேயே அதற்குப் பங்கு இருந்தது, 1999-இல் விற்றுவிட்டது. 2000-இல் அது ஏவிய ஆசியாஸ்டார் செயற்கைக்கோள் இந்தியா மேலே பாடியது. தமிழுக்கு கேஎல் ரேடியோ, கர்நாடக இசைக்கு ஸ்ருதி. ஏ.ஆர்.ரஹ்மான் விளம்பரத் தூதர். ஸ்ருதியை இன்றும் நினைத்து ஏங்குகிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் ஆன்டெனாவைச் செயற்கைக்கோள் இருக்கும் திசை பார்த்து ஜன்னலோரம் வைத்தால்தான் கேட்கும். ஓடும் காருக்கு அது சரிப்படவில்லை. அமெரிக்காவில் சந்தா கட்டியவர்களில் பெரும்பாலோர் காரில் கேட்டவர்கள். அந்த வருமானம் இங்கே வர வழியில்லை. 2008 அக்டோபரில் தாய் நிறுவனம் திவால் மனு கொடுத்தது, 2009 டிசம்பர் 31-உடன் இந்தியச் சேவை நின்றது.

அப்போது எல்லோரும் எழுதியது, செயற்கைக்கோள் வானொலியின் கதை முடிந்தது, எதிர்காலம் ஐபாடுக்கு என்று. நடந்தது என்ன? ஐபாடை அதன் வீட்டுப் பிள்ளையே விழுங்கியது. 2007-இல் ஐபோன் வந்தது, கொஞ்ச நாளில் பாட்டுக்கென்று தனிப் பெட்டி எதற்கு என்றாகிவிட்டது. 2022 மே மாதம் ஆப்பிள் கடைசி ஐபாடின் உற்பத்தியையும் நிறுத்தியது. சிரியஸ்எக்ஸ்எம்முக்கு இன்றும் 3 கோடிக்கு மேல் சந்தாதாரர்கள். 2019-இல் பண்டோரா என்ற இணைய இசை நிறுவனத்தையே வாங்கிப் போட்டது. நல்ல பாட்டுப் போட்டதால் பிழைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். வண்டியோடு வந்தது, நேரடியாகப் பேசியது, செல்பேசிக் கோபுரம் இல்லாத பாலைவனத்திலும் கேட்டது. இந்த மூன்றையும் அன்றைய ஒலித்தர ஒப்பீடுகளில் யாரும் கணக்கில் வைக்கவில்லை.

பிழைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது அவ்வளவு பெருமைக்குரியது இல்லை. சந்தாவை நிறுத்துவது அங்கே ஒரு தனிப் போராட்டம். வாடிக்கையாளரை நீண்ட நேரம் காக்க வைத்து மனதை மாற்றப் பார்க்கிறார்கள் என்று நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் 2023 டிசம்பரில் வழக்கே போட்டார். அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்கள் புதுக் காரின் இலவச மாதங்களை ஆசை தீர அனுபவியுங்கள். மலைப் பாதையில் போனில் பாட்டு நின்றுபோகும்போது அதன் அருமை தெரியும். கடன் அட்டை எண்ணை மட்டும் யோசித்துக் கொடுங்கள். இலவசக் காலம் முடிந்து அழைப்பார்கள். முதலில் சொல்லும் விலைக்கு ஒப்புக்கொள்ளாமல் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் விலை இறங்கும்.

நன்றி. வணக்கம்.