கண்ணில் தெரியும் தமிழ், தேடலில் சிக்காத தமிழ்: கல்லூரி நூலகம் பார்க்க வேண்டிய வேலை

[திரை: தமிழ் ஆய்வேடு ஒன்றின் பிடிஎஃப். தேடல் பெட்டியில் 'தாமிரபரணி'. முடிவு: 0]

பக்கம் முழுக்க தாமிரபரணி இருக்கு. தேடினா ஒண்ணுகூட வரல. காரணம், இது பாமினி எழுத்துருவில டைப் செஞ்சது. நமக்குத் தெரியுறது தமிழ், ஃபைலுக்குள்ள இருக்கிறது ஆங்கில எழுத்து. 'தமிழ்'னு இருக்கிற இடத்தை காப்பி எடுத்து நோட்பேடில ஒட்டிப் பாருங்க. ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. அதுதான் வரும்.

பி.ஹெச்டி ஆய்வேட்டை மின்வடிவிலயும் தரணும்னு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி 2009-லயே வந்தாச்சு. அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக ஆய்வேடுகளும், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கிற சோத்கங்கா இணையதளத்தில இருக்கு. ஆனா ஏத்தினா மட்டும் போதாது, தேடினா கிடைக்கணும். ஆய்வு வழிகாட்டி கருத்தைப் பார்ப்பாரு, டைப்பிங் சென்டர் பக்க அமைப்பைப் பார்க்கும். ஃபைலுக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்க நூலகத்தை விட்டா வேற ஆள் இல்ல. அதையும் பைண்டிங் போறதுக்கு முன்னாடியே பார்க்கணும்.

[திரை: வேர்டு ஃபைல், எழுத்துரு மாற்றி]

மாணவர்கிட்ட பிடிஎஃப் வாங்காதீங்க, வேர்டு ஃபைலைக் கேளுங்க. பிடிஎஃப்பில இருந்து எடுத்தா வரி உடையும், அடிக்குறிப்பு நடுவில வந்து விழும். பாமினியில இருக்கிற பகுதியை மட்டும் யூனிகோடுக்கு, அதாவது ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு இருக்கிற பொது முறைக்கு, மாத்துங்க. மொத்த ஃபைலையும் ஒரே அடியா மாத்தினா ஆங்கில மேற்கோளும் துணைநூற்பட்டியலும் அர்த்தமில்லாத தமிழாயிடும்.

மாத்தின பிறகுதான் உண்மையான வேலை. 'கொ' எழுத்துல வர்ற ஒகரக் குறியை ஒரே குறியீடாவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமா ரெண்டு குறியீடாவும் வைக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனா சில தேடல் மென்பொருள் ரெண்டையும் வேற வேற சொல்லா எடுத்துக்கும். 'கௌரவம்' இன்னும் மோசம். ஔகாரக் குறிக்குப் பதிலா 'ள' எழுத்தைப் போட்டு 'கெளரவம்'னு அடிச்சிருப்பாங்க. இதைத் திருத்தும்போது மொத்தமா ரீப்ளேஸ் ஆல் கொடுத்திடாதீங்க. ஆத்து மீன்களைப் பத்தின ஆய்வேடா இருந்தா, ஒழுங்கா இருக்கிற கெளுத்தி மீனும் சேர்ந்து கெட்டுடும். ஒவ்வொண்ணாப் பார்த்துத்தான் மாத்தணும். அரை நாள் ஆகும், ஆனாலும் செய்யத் தகுந்த வேலை.

[திரை: மஞ்சளேறிய பழைய புத்தகம், ஸ்கேனர்]

பாளையங்கோட்டையில நூறு வருஷம் தாண்டின கல்லூரிகள் இருக்கு. அந்த அலமாரிப் புத்தகங்களை 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி), கிரேஸ்கேல்ல (சாம்பல் நிறச் சாயல்கள்ல) ஸ்கேன் பண்ணுங்க. பொடி எழுத்துன்னா 400. மூலப் பிரதி டிஃப் (தரம் குறையாம படத்தைச் சேமிக்கிற ஃபைல் வகை), படிக்கிறவங்களுக்கு பிடிஎஃப். புத்தகத்தோட முதுகு ஒடிய அமுக்காதீங்க. மேலிருந்து படமெடுக்கிற ஸ்கேனர் இருந்தா அதுதான் நல்லது.

ஸ்கேன் படத்தில இருக்கிற எழுத்தைத் தேடக்கூடிய உரையா மாத்துற மென்பொருள்தான் எழுத்துணரி. அதுக்கு டெசராக்ட் போதும், இலவசம். தமிழ், ஆங்கிலம் ரெண்டையும் சேர்த்தே தேர்வு செய்யுங்க. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின அச்சுன்னா ணா, றா, னா, லை எல்லாம் பழைய வடிவத்தில இருக்கும். அங்கேதான் அதிகம் தடுமாறும். கையால மெய்ப்பு பார்க்காம ஏத்தாதீங்க. நூற்பட்டியல்ல ஊர்ப்பெயரை எல்லா வடிவத்திலயும் கொடுங்க: திருநெல்வேலி, நெல்லை, பழைய ஆங்கில நூல்கள்ல வர்ற டின்னவெல்லி.

[திரை: மூன்று ஹார்ட் டிஸ்க்]

பிரதி மூணு வேணும். ரெண்டு வேற வேற வகைச் சாதனத்தில, ஒண்ணு வேற ஊர்ல. 2023 டிசம்பர் வெள்ளத்தில நெல்லைக்குள்ளேயும் தூத்துக்குடிப் பக்கமும் தண்ணி எவ்வளவு ஏறுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். மூணு பிரதியும் ஒரே கட்டடத்தோட தரைத்தளத்தில இருந்தா அது ஒரு பிரதிக்குத்தான் சமம்.

முதல் பருவ மாணவர்களுக்கு நூலக அறிமுக வகுப்பு நடத்துறீங்கல்ல? அதில ஒரு மணி நேரம் ஒதுக்கி, தமிழ்99ங்கிற தமிழ் விசைப்பலகை அமைப்பில யூனிகோடு டைப் பண்ணச் சொல்லிக்கொடுங்க. அந்த மாணவர் ஆய்வேடு எழுதுற காலத்தில எழுத்துரு மாற்றியே தேவைப்படாது.